குறையிற் பிறந்த கருவி

கரைசலிற் கலந்துள்ள பல அயனிகளுள் ஒன்றனைத் தேர்ந்து, அதன் அளவை மின்னழுத்தத்தால் அறிவிப்பது சவ்வு மின்வாய். இஃது ஒருவர் ஒரு நாளிற் கண்ட கருவி அன்று. முன்னையோர் பிழையெனக் கொண்டதைப் பின்னையோர் ஆராயப் புகுந்தமையால் வளர்ந்தது என்பதை இக்கட்டுரையில் நிறுவ முயல்கின்றோம்.

1906-இல் மாக்ஸ் கிரேமர் என்பார், மெல்லிய கண்ணாடிச் சுவரின் இருபுறமும் அமிலத்தன்மையில் வேறுபட்ட கரைசல்கள் இருப்பின் ஆங்கு மின்னழுத்தம் தோன்றுதலைக் கண்டார். 1909-இல் ஹேபரும் கிளெமென்சீவிச்சும் அதனை விரிவாக ஆராய்ந்து, ஐதரசன் அயனியை அளக்கும் கண்ணாடி மின்வாய்க்கு அடிகோலினர். ஆயின், சோடியம் மிக்க காரக் கரைசலில் அது பிழைபட்டது. ஐதரசன் அயனி உள்ளதினும் மிகுதியெனக் காட்டிற்று. இதனைக் 'காரப் பிழை' என்றனர்.

அப்பிழை எதனால் நேர்ந்தது? கண்ணாடி சோடியத்தையும் உணர்ந்தமையால் நேர்ந்தது. அவ்வாறாயின், அவ்வுணர்வை வளர்த்தல் கூடாதோ? 1934-இல் லெங்கியெலும் புளூமும், அலுமினிய ஆக்சைடு சேர்ந்த கண்ணாடி சோடியத்தை மிகுதியும் உணர்தலைக் காட்டினர். 1957-இல் ஐசன்மனும் அவர்தம் துணைவரும் கண்ணாடியின் கூறுகளை முறைப்பட மாற்றிச் சோடிய மின்வாயைச் செப்பஞ் செய்தனர். பழைய குறையே புதிய குணமாயிற்று.

ஏனைய உலோகங்களுக்கு வேறு சவ்வுகள் வேண்டப்பட்டன. 1967-இல் ராஸ் கால்சியத்திற்கு நீர்மச் சவ்வு அமைத்தார். சூரிச்சில் சைமன் குழுவினர், நுண்ணுயிர் தரும் வாலினோமைசின் என்னும் வளையப் பொருளைப் பொட்டாசியத்திற்குப் பயன்படுத்தினர். 1970-இல் மூடி, ஓக், தாமஸ் ஆகியோர் பாலிவினைல் குளோரைடில் சவ்வு அமைத்தமையால் கருவி உறுதி பெற்றது.

ஈண்டுத் 'தேர்தல்' என்னுஞ் சொல்லின் பொருளைத் தெளிதல் வேண்டும். எச்சவ்வும் ஓர் அயனிக்கே முற்றும் உரியதன்று. தேர்தல் என்பது விருப்பின் மிகுதியே. 1937-இல் நிக்கோல்ஸ்கி வகுத்த சமன்பாடு அம்மிகுதியை எண்ணால் அளந்தது. குருதி நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 140 மில்லிமோல் சோடியம் உளது. பொட்டாசியமோ 4 மில்லிமோல் அளவினதே. வாலினோமைசின் சோடியத்தினும் பொட்டாசியத்தை ஏறத்தாழப் பதினாயிரம் மடங்கு விரும்புதலின், அச்சிறு அளவும் பிழையின்றி அறியப்படுகின்றது. நெஞ்சத் துடிப்புப் பொட்டாசியத்தின் அளவைச் சார்ந்தது. ஆகலின் இஃது உயிர் காக்கும் நுட்பம் ஆகும்.

பிழையை வினவும் இம்மரபு அவ்வளவில் நின்றதன்று. இத்தகைய மின்வாய்கள் மிக நுண்ணிய அளவை அறியா என நெடுங்காலம் கருதினர். 1997-இல் பிரெட்ச் குழுவினர், சவ்வின் உட்புறக் கரைசலினின்று அயனி கசிந்து, அளக்கப்படும் நீரையே மாசுபடுத்துதலைக் கண்டனர். அக்கசிவைத் தடுத்தவுடன் காரீயம் பிக்கோமோல் அளவிலும் புலனாயிற்று.

வெற்றிகளை மட்டும் அடுக்குவது அறிவியல் வரலாறாகாது. கருவி எங்கே பிழைத்தது, அப்பிழையை எவர் வினவினர் என ஆராய்தலே வரலாற்று நெறி என்பது எம் துணிபு.