விறைப்பு என்னும் சொல்: ஊசியுணர்வு வினாக்கொத்தும் ஈழத்துத் தமிழும்

கல்குடாக் கரையில் வலையிழுத்து மீள்பவரிடம் உடம்புக்கு என்ன என்று வினவினால், 'வலி' என்ற ஒரு சொல்லோடு அவர் நின்றுவிடுவதில்லை. நோ, உளைவு, கடுப்பு, குத்து, விறைப்பு எனப் பிரித்தே கூறுவார். அக்குபங்சர் ஊசி எழுப்பும் உணர்வுகளை அளக்கும் வினாக்கொத்தினைத் தமிழாக்க முனைவோர் முதலில் எதிர்கொள்ள வேண்டியது இப்பிரிப்பினையே.

ஊசி ஏறியதும் தோன்றும் உணர்வினைச் சீனர் 'தே சீ' என்பர். 'சீ' வந்தடைந்தாற்றான் சிகிச்சை பயன்தரும் என்பது 'லிங் ஷூ' என்னும் பழைய நூலின் கொள்கை. அதனைப் பின்வந்தோர் உளைவு, மரத்தல், புடைத்தல், பாரம் என நான்காக வகுத்தனர். ஆங்கிலத்தில் அது அளவையாக உருப்பெற்ற வரலாறோ மிகக் குறுகியது. றொனால்ட் மெல்சாக் 1975இல் வெளியிட்ட மக்கில் வலி வினாக்கொத்தின் சொற்களையே ஆய்வாளர் முதலிற் கடன்கொண்டனர். வலிக்கென அமைந்த சொற்களால், முற்றிலும் வலியல்லாத ஒன்றை அளந்தமை தொடக்கத்திலேயே நேர்ந்த கோணல் என்போம். 2007இல் மசச்சூசெற்ஸ் பொது மருத்துவமனை அளவையும், 2008இல் சவுதாம்ப்டன் வினாக்கொத்தும் தோன்றின.

முன்னைய அளவையில் மரத்தலும் குளிர்வும் வெவ்வேறு வரிகள். ஈழத்து வழக்கிலோ மரத்த காலும் விறைக்கும். குளிரில் நடுங்கும் உடம்பும் விறைக்கும். மரத்தலுக்கு 'விறைப்பு' என எழுதினால், 1970 தொட்டு பிரிஸ்லின் வழியில் நடைபெறும் மறுமொழிபெயர்ப்புச் சோதனையில் அது பிழையின்றித் தேறிவிடும். ஆங்கிலமறிந்தவர் அதை மீண்டும் மரத்தல் என்றே பெயர்ப்பார். குளிர்ந்தவரும் அவ்வரியிற் புள்ளியிடுவதை அச்சோதனை காட்டாது. இரு வரிகளும் ஒருங்கே ஏறியிறங்குவதால் க்ரொன்பாக்கின் அல்பா எண் உயரவுங்கூடும். குழப்பமே நம்பகத்தின் சான்றாகிவிடும்!

மருத்துவத் தமிழுக்கு நம்மிடையே வலிய மரபுண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன், மானிப்பாயிலிருந்து 'மனுஷ அங்காதிபாதம்' (1872) உள்ளிட்ட நூல்களைத் தந்தார். எனினும் அவர் தமிழாக்கியது வைத்தியரின் சொல்லை. வினாக்கொத்துக்கு வேண்டியது நோயாளியின் சொல். ஆகவே கிறீன் வழி இங்கு அரைவழியே.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கல்குடாவை அழித்தது. அதன்பின் துயருற்றோரின் மனநிலையை அளக்கப் பிறநாட்டு வினாக்கொத்துகள் கீழைக் கரைக்கு வந்தன. காயத்ரி பெர்னாண்டோ 2008இல் வெளியிட்ட உளசமூக நிலை அளவை வேறு திசையிற் சென்றது. இலங்கையர் தம் துன்பத்தைக் கூறும் முறையிலிருந்தே அதன் வினாக்கள் எழுந்தன. ஊசியுணர்வுக்கும் இதுவே தக்க நெறி என்பது எமது துணிபு.

மசச்சூசெற்ஸ் அளவையின் இறுதியில், நோயாளி தம் சொல்லில் எழுதுதற்கென ஒரு வெற்று வரி விடப்பட்டுள்ளது. தமிழாக்கத்தை அவ்வரியிலிருந்தே தொடங்கலாம்.