தரவிலிருந்து பாடத்தாளுக்கு: புள்ளியியல் பகுப்பாய்வுக் கல்வியின் வரலாற்றுப் போக்கு

ஆய்வுச் சுருக்கம்

உயர்கல்வி நிறுவனங்களில் ஆய்வுமுறையியல் பாடத்தின் ஒரு பகுதியாகப் புள்ளியியல் பகுப்பாய்வு இன்று கற்பிக்கப்படுகிறது. கள அளவீட்டோடு இணைந்து தொடங்கிய இக்கல்வி, அட்டவணை, பாடநூல், மென்பொருள் ஆகியவற்றின் வழியாக வகுப்பறைக்குள் வந்து சேர்ந்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. இக்கருவிகள் கணக்கீட்டுச் சுமையைக் குறைத்தன. அதே வேளையில், தரவு எவ்வாறு உருவானது என்ற வினாவைக் கற்பவர் எதிர்கொள்ளும் வாய்ப்பையும் குறைத்தன என்பது இக்கட்டுரையின் கருத்தாகும். இங்கிலாந்து, அயர்லாந்து, அமெரிக்கா, கல்கத்தா, சென்னை ஆகிய இடங்களின் சான்றுகளைக் கொண்டு இக்கருத்து விளக்கப்படுகிறது.

திறவுச் சொற்கள்: புள்ளியியல் கல்வி, ஆய்வுமுறையியல், மாதிரி, மிகைகாண் நிலை, கிராம ஆய்வு, மென்பொருள்.

முன்னுரை

சமூக அறிவியல், கல்வியியல், வணிகவியல் துறைகளில் முனைவர் பட்ட ஆய்வேடுகள் பலவற்றில் ‘தரவுப் பகுப்பாய்வும் விளக்கமும்’ என்று ஓர் இயல் இடம்பெறுகிறது. அந்த இயலில் டி-சோதனை, கை-வர்க்கச் சோதனை, ஒட்டுறவுக் கெழு முதலியன அட்டவணைகளாக அமைகின்றன. இச்சோதனைகளை ஆய்வாளர் பெரும்பாலும் ஆய்வுமுறையியல் பாடத்தில் ஒரு பருவ காலத்திற்குள் கற்கிறார். ஆனால் இவற்றை உருவாக்கியவர்கள் எவரும் இவற்றை இவ்வாறு கற்றவர்கள் அல்லர். கற்கும் முறையில் நேர்ந்த இம்மாற்றம், ஆய்வேட்டின் முடிவுகள் எந்த அளவுக்கு நம்பத்தக்கவை என்பதோடு நேரடித் தொடர்புடையது. எனவே அம்மாற்றத்தின் வரலாற்றை அறிவது தேவையாகிறது.

பணியிடத்தில் பிறந்த சோதனை

டி-சோதனையின் தோற்றம் ஒரு மதுபான ஆலையோடு தொடர்புடையது. வில்லியம் சீலி காசெட் 1899-இல் டப்ளின் நகரின் கின்னஸ் ஆலையில் பணியில் சேர்ந்தார். பார்லி, ஹாப்ஸ் போன்ற மூலப்பொருள்களின் தரத்தை ஒப்பிடுவது அங்கே அன்றாடப் பணி. ஒவ்வொரு சோதனைக்கும் செலவும் காலமும் மிகுந்ததால் மிகச் சில அளவீடுகளே கிடைத்தன. அன்று வழக்கிலிருந்த முறைகளோ பெரும் எண்ணிக்கையிலான அளவீடுகளுக்கு உரியவை. இச்சிக்கலுக்கு விடை தேடிய காசெட், 1906–07-இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் கார்ல் பியர்சனின் ஆய்வகத்திற்குச் சென்று கற்றார்.

அவர் 1908-இல் ‘ஸ்டூடண்ட்’ என்னும் புனைபெயரில் ‘பயோமெட்ரிகா’ இதழில் வெளியிட்ட கட்டுரை சிறு மாதிரிகளின் சராசரியைப் பற்றியது. தம் கோட்பாட்டைச் சரிபார்க்க அவர் கையாண்ட வழி குறிப்பிடத்தக்கது. குற்றவாளிகள் 3000 பேரின் உயரமும் இடக்கை நடுவிரல் நீளமும் அடங்கிய அளவீடுகளை அட்டைகளில் எழுதி, அவற்றை நன்கு கலைத்து, நான்கு நான்காகப் பிரித்து 750 மாதிரிகளை அவர் உருவாக்கினார். ஒரு மாதிரியின் சராசரி மற்றொன்றின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகும் என்பதைக் கையால் எடுத்துக் கணக்கிட்டே அவர் கண்டார். மாதிரி மாறினால் விடையும் மாறும் என்பது அவருக்குப் பட்டறிவாக இருந்தது. இன்றைய பாடத்தில் அது ‘திட்டப்பிழை’ என்னும் ஒரு வரையறையாகச் சுருங்கியுள்ளது.

அட்டவணையும் பாடநூலும்

ரொனால்டு ஃபிஷர் 1919-இல் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் சேர்ந்தார். அங்குப் பல்லாண்டுகளாகத் திரண்டிருந்த பயிர் விளைச்சல் பதிவுகளும் புதிய வயல்வெளிச் சோதனைகளும் அவருடைய முறைகளுக்கு அடிப்படையாயின. 1925-இல் அவர் வெளியிட்ட ‘ஆய்வுப் பணியாளர்களுக்கான புள்ளியியல் முறைகள்’ என்னும் பொருள்படும் தலைப்புடைய நூல், கணித நிறுவல்களைத் தவிர்த்து, எண் எடுத்துக்காட்டுகளின் வழியாகச் செய்முறையைக் கற்பித்தது. உயிரியலிலும் வேளாண்மையிலும் பணியாற்றியவர்கள் தம் சொந்தத் தரவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கத்தக்க நூல் அது.

அந்நூலின் அட்டவணைகளில் ஒரு முக்கிய மாற்றம் இருந்தது. முந்தைய கை-வர்க்க அட்டவணைகள், கணக்கிட்ட மதிப்புக்கு உரிய நிகழ்தகவைத் தந்தன. ஃபிஷர் இவ்வமைப்பைத் திருப்பினார். 0.05, 0.01 போன்ற தேர்ந்தெடுத்த சில நிகழ்தகவுகளுக்கு உரிய மதிப்புகளை மட்டும் அவர் அட்டவணைப்படுத்தினார். இருபதில் ஒன்று என்னும் எல்லையை வசதியானது என்றே அவர் கருதினார். அச்சில் இடம் சேமித்த இவ்வமைப்பு காலப்போக்கில் ஒரு தீர்ப்பு முறையாக மாறியது. கணக்கிட்ட மதிப்பு அட்டவணை மதிப்பைக் கடந்ததா என்று பார்த்து ‘ஏற்கப்படுகிறது’, ‘மறுக்கப்படுகிறது’ என எழுதும் வழக்கம் இதனால் எளிதாயிற்று. 1956-இல் வெளிவந்த தம் நூலிலோ, எல்லாச் சூழலுக்கும் மாறாத ஒரே மிகைகாண் நிலையை எந்த ஆய்வாளரும் கொள்வதில்லை என்று ஃபிஷரே வாதிட்டார். அந்த வாதத்தைவிட அட்டவணையே வகுப்பறைகளில் வேரூன்றியது.

அமெரிக்காவில் இக்கல்வியைப் பரப்பியதில் அயோவா மாநிலக் கல்லூரிக்குப் பெரும் பங்குண்டு. ஜார்ஜ் ஸ்னெடெகர் அங்கு 1933-இல் புள்ளியியல் ஆய்வகத்தை நிறுவினார். ஃபிஷர் 1931-இலும் 1936-இலும் அங்குச் சென்று விரிவுரையாற்றினார். ஸ்னெடெகரின் பாடநூல் 1937-இல் வெளிவந்தது. இந்நிலை வரை, வேளாண் சோதனைகளில் ஈடுபட்டவர்களே இப்பாடத்தைப் பெரிதும் நாடினர். வயலை அறிந்தவர் கையில் அட்டவணை இருந்தது.

சென்னையும் கல்கத்தாவும்

ஏறத்தாழ இதே காலப்பகுதியில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேறொரு வகையான பயிற்சி நிகழ்ந்தது. இந்தியப் பொருளியல் பேராசிரியராக 1915-இல் வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி வினாநிரலின் துணையோடு தகவல் திரட்டச் செய்தார். நிலம், பயிர், குடும்பம், கூலி, கடன் எனக் கிராமப் பொருளாதாரத்தின் பல கூறுகள் இவற்றில் பதிவாயின. தென்னார்க்காட்டின் இருவேல்பட்டு, வடார்க்காட்டின் தூசி, தஞ்சையின் பாலக்குறிச்சி, இராமநாதபுரத்தின் வடமலைபுரம், திருநெல்வேலியின் கங்கைகொண்டான் முதலிய ஊர்கள் பற்றிய இவ்வாய்வுகள் 1918-இல் நூலாயின.

இம்மாணவர்கள் எந்த மிகைகாண் சோதனையையும் கற்றிருக்கவில்லை. அவர்கள் சென்ற ஊர்கள் சமவாய்ப்பு முறையில் தெரிவு செய்யப்பட்டவையும் அல்ல. ஆதலால் அவ்வெண்களைச் சென்னை மாகாணம் முழுமைக்கும் பொருத்த இயலாது. ஆயினும் எந்த ஊர், எந்தக் காலம், எந்த வினா என்பன தெளிவாக இருந்ததால், அப்பதிவுகள் பிற்கால ஒப்பீட்டுக்குப் பயன்பட்டன. பி.ஜே. தாமஸ், கே.சி. ராமகிருஷ்ணன் ஆகியோரின் பதிப்பில் மறு ஆய்வு நூல் 1940-இல் வெளிவந்தது. 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இவ்வூர்களுள் சிலவற்றை மீண்டும் ஆராய்ந்தனர். மாணவப் பயிற்சியாகத் தொடங்கிய ஒன்று தலைமுறைகளைக் கடந்த தரவுத் தொடராயிற்று.

கல்கத்தாவில் இயற்பியல் பேராசிரியரான பி.சி. மகலனோபிஸ், மாநிலக் கல்லூரியில் தொடங்கிய புள்ளியியல் ஆய்வகத்தின் வளர்ச்சியாக 1931-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை உருவாக்கினார். ‘சங்க்யா’ இதழ் 1933-இல் தொடங்கியது. 1937 முதல் வங்காளத்தில் நடந்த சணல் பரப்பு மதிப்பீடுகளில் அவர் கையாண்ட ஊடுருவும் துணைமாதிரி முறை கல்வி நோக்கிலும் முக்கியமானது. ஒரே பகுதியை வெவ்வேறு குழுக்கள் தனித்தனியே அளந்து, முடிவுகளை ஒப்பிடும் முறை இது. இரு குழுக்களின் எண்கள் வேறுபட்டால், மாதிரியால் நேரும் பிழைக்கு அப்பால் அளப்பவரால் நேரும் பிழையும் வெளிப்படும். சூத்திரத்தால் காண இயலாத பிழையைக் களத்திலேயே காண இது வழிசெய்தது.

கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1941-இல் புள்ளியியலில் முதுகலைப் படிப்பைத் தொடங்கியது. அதன் முதல் அணி மாணவர்களுள் ஒருவர் சி.ஆர். ராவ். பின்னர் கேம்பிரிட்ஜ் சென்ற ராவ், சூடானின் ஜெபல் மோயாவில் அகழ்ந்தெடுக்கப்பட்ட எலும்புகளின் அளவீடுகளைப் பகுத்தாராய்ந்தார். ஃபிஷரின் வழிகாட்டலில் 1948-இல் முனைவர் பட்டம் பெற்றார். கணிதத்தில் உயர்நிலைப் பயிற்சி பெற்ற ஒருவரின் ஆய்வும் அளவீடுகளோடு இணைந்தே வளர்ந்ததை இது காட்டுகிறது.

மென்பொருளின் வருகை

1968-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நார்மன் நை, ஹாட்லாய் ஹல், டேல் பென்ட் ஆகியோர் சமூக அறிவியலுக்கான புள்ளியியல் தொகுப்பை உருவாக்கினர். எஸ்.பி.எஸ்.எஸ். என இன்று அறியப்படும் இதன் கையேடு 1970-இல் வெளிவந்தது. 1980-களில் தனிநபர் கணினிகளுக்கு உரிய பதிப்பும் வந்தது. 1990-களில் நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் ஆகியோர் உருவாக்கிய ‘ஆர்’ மொழி வகுப்பறைத் தேவையை ஒட்டியே எழுந்தது. பின்னர் கட்டற்ற மென்பொருளாகப் பரவியது.

மென்பொருளின் பயன் மறுக்கத்தக்கதன்று. பல நாள் கணக்கீடு சில நொடிகளில் முடிகிறது. ஆனால் கையால் கணக்கிட்டவர் ஒவ்வோர் எண்ணையும் ஒருமுறையேனும் பார்த்தார். பொருந்தாத எண் அவர் கண்ணில் பட்டது. மென்பொருளில் அந்தக் கட்டாயம் இல்லை. இதன் விளைவை ஃபிரான்சிஸ் அன்ஸ்கோம்ப் 1973-இல் நான்கு சிறு தரவுத் தொகுதிகளைக் கொண்டு விளக்கினார். ஒவ்வொன்றிலும் 11 இணை மதிப்புகள். நான்கிலும் முதல் மாறியின் சராசரி 9, இரண்டாம் மாறியின் சராசரி 7.5, ஒட்டுறவுக் கெழு ஏறத்தாழ 0.82. வரைபடமாக்கினால் ஒன்று நேர்கோட்டை ஒட்டிச் சிதறியது, மற்றொன்று வளைகோடு, மூன்றாவது ஒரே ஒரு விலகிய புள்ளியால் திரிந்த நேர்கோடு, நான்காவதில் ஒரு புள்ளியை நீக்கினால் தொடர்பென்று சொல்ல எதுவும் இல்லை. கெழுவை மட்டும் படிப்பவருக்கு நான்கும் ஒன்றே.

தமிழக வரலாற்றாய்வில் இதற்கு மாறான ஒரு முன்மாதிரி உண்டு. நொபோரு கராஷிமா, எ. சுப்பராயலு, தோரு மட்சுய் ஆகியோர் சோழர் கல்வெட்டுகளிலுள்ள பெயர்களுக்கான தொகுப்பகராதியை 1978-இல் வெளியிட்டனர். இத்தகைய பணியில் எண்ணுவதற்கு முன் முடிவு செய்ய வேண்டியவை பல. ஒரு தொடரில் இயற்பெயர் எது, பட்டப்பெயர் எது, ஊர்ப்பெயர் எது என்று கல்வெட்டு வாசகத்தைப் படித்தே பிரிக்க வேண்டும். கிடைத்துள்ள கல்வெட்டுகள் பெரும்பாலும் கோயில்களைச் சார்ந்தவை என்பதால், எண்ணிக்கை எதைக் குறிக்கும், எதைக் குறிக்காது என்பதும் தெளிவாக வேண்டும். சான்றை நேரில் படிப்பவருக்கே இம்முடிவுகள் இயலும்.

கட்டாயப் பாடமும் 384-உம்

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்குப் பாடநெறியைக் கட்டாயமாக்கின. அதில் ஆய்வுமுறையியலும் இடம்பெற்றது. 2016-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் ஆய்வுமுறையியலுக்குக் குறைந்தது 4 மதிப்பலகுகள் என வரையறுத்தன. அளவைசார் முறைகள், கணினிப் பயன்பாடு, ஆய்வு நெறி, ஆய்வு நூல்களின் மீள்பார்வை, களப்பணி ஆகியன அதற்குள் அடங்கத்தக்கவையாகச் சுட்டப்பட்டன. களப்பணிக்கு இவ்வாறு இடம் இருந்தாலும், எழுத்துத் தேர்வை மையமாகக் கொண்ட பாடத்தில் வரையறைகளும் சூத்திரங்களுமே முன்னிற்கின்றன.

இதன் விளைவை 384 என்னும் எண்ணைக் கொண்டு விளக்கலாம். கிரெஜ்சி, மார்கன் ஆகிய இருவரும் 1970-இல் மாதிரி அளவுக்கான ஓர் அட்டவணையை வெளியிட்டனர். அதன்படி முழுமைத் தொகுதி 10,000 எனில் மாதிரி 370. 10,00,000 எனில் 384. பின்னையது 95 விழுக்காட்டு நம்பிக்கை, 5 விழுக்காட்டுப் பிழை எல்லை ஆகியவற்றிலிருந்து பெறப்படுவது. இக்கணக்கின் அடித்தளம் எளிய சமவாய்ப்பு மாதிரியாகும். முழுமைத் தொகுதியின் ஒவ்வோர் உறுப்பினருக்கும் தெரிவு செய்யப்படும் வாய்ப்பு சமமாக இருந்தால்தான் அந்த 5 விழுக்காடு பொருள்படும். ஒரு மாவட்ட ஆசிரியர்களைப் பற்றிய ஆய்வில், தெரிந்தவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் வினாநிரலை அனுப்பி 384 விடைகளைத் திரட்டினால், எண் பொருந்தும். அதன் அடித்தளம் பொருந்தாது. அக்குழுக்களுக்கு வெளியே உள்ள ஆசிரியர்களைப் பற்றி அந்த 384 எதையும் உறுதியாகக் கூறாது.

மிகைகாண் நிலைக்கும் இதே நிலை ஏற்பட்டுள்ளது. உண்மையில் எந்த வேறுபாடும் இல்லாத தரவில் ஒன்றையொன்று சாராத 20 சோதனைகளை 0.05 நிலையில் செய்தால், ஒன்றேனும் ‘மிகையுடையது’ எனத் தோன்றுவதற்கான நிகழ்தகவு ஏறத்தாழ 64 விழுக்காடு. பாலினம், வயது, வாழிடம், கல்வித் தகுதி என ஒவ்வொன்றாகச் சோதிக்கும் ஆய்வேடு 20 சோதனைகளை எளிதில் எட்டிவிடும். அமெரிக்கப் புள்ளியியல் கழகம் 2016-இல் வெளியிட்ட அறிக்கை, பி-மதிப்பு ஓர் எல்லையைக் கடந்ததா என்பதை மட்டும் கொண்டு அறிவியல் முடிவுகளை எடுத்தல் கூடாது என வலியுறுத்தியது.

முடிவுரை

இவ்வரலாற்றில் சோதனைகளை உருவாக்கியவர்களுக்கும் முதலில் பயன்படுத்தியவர்களுக்கும் தரவின் பிறப்பிடம் தெரிந்திருந்தது. அட்டவணையும் பாடநூலும் மென்பொருளும் அவ்வறிவு உடையவர்க்குத் துணைக்கருவிகளாக அமைந்தவை. அவ்வறிவைத் தராமல் கருவிகளை மட்டும் தரும் பாடம், சரியான கணக்கீட்டையும் ஐயத்திற்குரிய முடிவையும் ஒருங்கே தரக்கூடும்.

இதற்கான மாற்று இன்றைய ஒழுங்குமுறைகளுக்கு உள்ளேயே இயலக்கூடியது. ஆய்வுமுறையியல் பாடத்தில் ஒவ்வோர் ஆய்வாளரும் முப்பது அளவீடுகள் கொண்ட ஒரு சிறு தரவைத் தாமே திரட்டலாம். யார் விடையளிக்க மறுத்தனர், எப்பதிவு விடுபட்டது என்பதை உடன் குறித்து வைக்கலாம். அதே தரவை மற்றொருவர் தனித்துத் திரட்டி, இருவர் எண்களையும் மகலனோபிஸின் வழியில் ஒப்பிடலாம். முதலில் வரைபடத்தாளிலும் பின்னர் மென்பொருளிலும் அதனைப் பகுத்தாராயலாம். ஆய்வேட்டிலும் பகுப்பாய்வு இயலுக்கு முன்னதாக, மாதிரி எவ்வாறு கிடைத்தது, யாரை அது உள்ளடக்கவில்லை என்பதற்கு இரண்டு பக்கங்களேனும் ஒதுக்கப்பட வேண்டும். ஸ்லேட்டரின் மாணவர்கள் சென்று வந்த ஊர்களுக்குப் பிற்கால ஆய்வாளர்கள் மீண்டும் செல்ல முடிந்தது. இன்று திரட்டப்படும் தரவையும் மற்றோர் ஆய்வாளர் அவ்வாறு சென்று சரிபார்க்கும் நிலை வேண்டும்.