கந்தளாய் வேதியரும் ஆங்கிலத் தொடரிலக்கணமும்

பெருங்குளத்தாலேயே இன்று அறியப்படும் இலங்கையின் கந்தளாய், முதலாம் விஜயபாகுவின் காலத்தில் விஜயராஜ சதுர்வேதிமங்கலம் என்னும் அந்தணர் ஊராக இருந்ததை அயலிலுள்ள பாலமோட்டையில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு காட்டுகிறது; நங்கைசானி என்னும் அந்தணப் பெண் அவ்வூர்த் தென்கயிலாசத்துச் சிவனுக்கு அளித்த கொடையை அது வேளைக்காரப் படையின் காவலில் விடுகிறது. சதுர்வேதிமங்கலம் என்பது நான்மறை வல்லோர்க்கு வழங்கப்பட்ட ஊராகும். வேதத்தின் ஆறு அங்கங்களுள் வியாகரணம், அதாவது இலக்கணம், ஒன்றாதலால் இத்தகைய ஊர்களில் அதற்குத் தனியிடம் இருந்தது. முதலாம் இராசேந்திரன் காலத்தில் எண்ணாயிரம் என்னும் ஊரில் இருந்த கல்லூரியில், இளமாணவர் 270 பேருள் 40 பேர் ரூபாவதாரம் என்னும் வடமொழி இலக்கண நூலையே பயின்றனர்.

அவ்விலக்கண மரபு, சொற்கள் இணைந்து ஒன்றாகும் தொகைகளை, எந்தச் சொல் தலைமை பெறுகிறது என்பதைக் கொண்டு பிரித்தது. தமிழில் தொல்காப்பியம் அறுவகைத் தொகைகளை முன்னரே கூறியிருக்க, 11ஆம் நூற்றாண்டு வீரசோழியம் வடமொழிப் பாகுபாட்டைத் தமிழுக்குப் பொருத்தியது. பொருத்தம் எங்கும் இயல்பாக அமைந்தது என்று சொல்வதற்கில்லை. ‘பெருங்குளம்’ என்னும் பண்புத்தொகையில் குளமே தலைமைச் சொல். ‘பொற்றொடி வந்தாள்’ என்பதிலோ, பொன்னும் தொடியும் அல்லாத ஒருத்தி குறிக்கப்படுவதால் அது அன்மொழித்தொகை. வடமொழியார் இதனைப் பகுவிரீகி என்பர்.

1795இல் வெளிவந்த லிண்ட்லி மரேயின் ஆங்கில இலக்கணம் சொற்களைத் தனித்தனியே வகைகூறுவதிலேயே பெரிதும் நின்றது. பின்வந்த பள்ளி நூல்கள் தொடர்களை அவை வாக்கியத்தில் செய்யும் பணியால் பெயர்த்தொடர், பெயரடைத்தொடர், வினையடைத்தொடர் எனப் பிரித்தன. வடமொழி இலக்கண ஆசிரியர் பாணினியை ஆழ்ந்து கற்ற அமெரிக்க மொழியியலாளர் லெனார்ட் புளூம்ஃபீல்டு 1933இல் வெளியிட்ட நூலில், தன்னுள் தலைமைச் சொல் கொண்ட தொடர், கொள்ளாத தொடர் என்ற பகுப்பை விரித்துரைத்ததோடு, பகுவிரீகியைப் பின்னதன் வகையில் சேர்த்தார். கந்தளாய் அந்தணர் சார்ந்திருந்த இலக்கண மரபின் கருவி, இவ்வாறு மேற்கு வழியாக ஆங்கில வகுப்பறைக்கு வந்தது எனலாம்.

தொடரின் வகையைக் காண, முழுத் தொடரையும் நீக்கி அதன் உட்சொல் ஒன்றை மட்டும் அவ்விடத்தில் நிறுத்திப் பார்ப்பது இம்முறையின் வழி. பெருங்குளத்தைக் குறிக்கும் ‘பிக் டாங்க்’ என்ற ஆங்கிலத் தொடர் இருந்த இடத்தில் ‘டாங்க்’ மட்டும் நின்றாலும் வாக்கியம் பெரும்பாலும் கெடாது. ஆகவே அது பெயர்த்தொடர். ‘இன் த டாங்க்’ என்ற முன்னிடைத் தொடரில் எச்சொல்லும் தனித்து அவ்விடத்தை நிரப்பாது. தமிழில் அதன் பொருளைக் ‘குளத்தில்’ என்று வேற்றுமை உருபேற்ற ஒரே சொல் சுமப்பதால், தமிழ் மாணவருக்கு மயக்கம் நேரும் இடமும் பெரும்பாலும் இதுவே.