துணியா, டயப்பரா: அழுக்கு யார் கைக்குப் போகிறது?

குழந்தை பிறந்த நகர்ப்புற வீடுகளில் இன்று தவறாது எழும் கேள்விகளுள் ஒன்று, துணியா டயப்பரா என்பது. குழந்தையின் தோல், மாதச் செலவு, சுற்றுச்சூழல் ஆகிய மூன்றையும் எடைபோட்டே பெரும்பாலும் விடை தேடப்படுகிறது. இந்தியச் சமூக வரலாறு இவற்றோடு நான்காவது கேள்வி ஒன்றையும் சேர்க்கிறது: அந்த அழுக்கு யார் கைக்குப் போகிறது?

பச்சிளங்குழந்தைக்குப் பழந்துணியே உகந்தது என்பது இந்நாட்டின் பல பகுதிகளிலும் நிலவிய வழக்கம். வங்காளத்தின் காந்தாவும் பீகாரின் சுஜனியும் பழைய சேலைகளை அடுக்கித் தைத்த விரிப்புகளே. பலமுறை துவைத்த பருத்தி உறுத்தாது. ஈரத்தை விரைந்து உறிஞ்சும். குழந்தைக்குக் கட்டும் துணியை இந்தியில் 'போத்டா' என்பர். பிறவிச் செல்வரைப் 'போத்டாக் காலத்திலிருந்தே சீமான்' என்னும் பொருள்படக் குறிக்கும் மரபுத்தொடரும் அம்மொழியில் உண்டு.

அந்தத் துணியைத் துவைத்தவர்களைப் பற்றி மரபுத்தொடர் எதுவும் பேசவில்லை. பேற்றுத் தீட்டு சாதி அடுக்கோடு பிணைந்திருந்தது. உத்தரப் பிரதேசத்தின் பிஜ்னோர் மாவட்டத்தில் களஆய்வு செய்த பாட்ரிசியா ஜெஃப்ரி, ரோஜர் ஜெஃப்ரி, ஆண்ட்ரூ லயன் ஆகியோர் 1989இல் வெளியிட்ட நூல், மருத்துவச்சியின் பணி தீட்டுக்குரியதாகவும் இழிவானதாகவும் கருதப்பட்டதைப் பதிவுசெய்கிறது. தமிழகத்தில் பேற்றுத் துணிகள் வண்ணார் பெண்களிடம் போயின. தலித் மக்களின் துணிகளை வெளுத்த புதிரை வண்ணார் அவ்வடுக்கின் அடியில் வைக்கப்பட்டனர். தீட்டுக்காலம் கழிந்தபின் அன்றாடத் துவைப்பு வீட்டுப் பெண்களின் தலையில் விழுந்தது.

எறிந்துவிடும் டயப்பர் வேறு நிலத்தில் பிறந்தது. அமெரிக்காவில் பாம்பர்ஸ் 1961இல் சந்தைக்கு வந்தது. 1980களில் ஈரத்தைக் கூழாக்கித் தேக்கும் பாலிமர் சேர்ந்ததும் டயப்பர் மெலிந்தது. நீண்ட நேரம் தாங்கவும் செய்தது. இந்தியாவில் தாராளமயமாக்கலுக்குப் பிறகே அது பரவத் தொடங்கியது. பாம்பர்ஸ் இங்கு அறிமுகமானது 2006இல். தண்ணீர்த் தட்டுப்பாடு, துணி உலர்த்த இடமற்ற அடுக்ககங்கள், உதவிக்கு ஆளற்ற தனிக்குடும்பம், வேலைக்குத் திரும்பும் தாய் ஆகிய சூழலில் அது தந்த விடுதலை மெய்யானது. அதை வெறும் நுகர்வு மோகமென ஒதுக்குவது, துவைத்துச் சலித்த கைகளுக்குச் செய்யும் அநீதி.

சுற்றுச்சூழல் கணக்கும் எளிதானதன்று. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2008இல் வெளியிட்ட ஆய்வின்படி, இரண்டரை ஆண்டுப் பயன்பாட்டில் டயப்பரின் கார்பன் சுமை சுமார் 550 கிலோ. துணியின் சுமை சுமார் 570 கிலோ. வெயிலில் உலர்த்தி, இயந்திரத்தை நிறைத்துத் துவைத்து, அதே துணியை அடுத்த குழந்தைக்கும் பயன்படுத்தினால் துணியின் சுமை பெரிதும் குறையும் என்றும் அவ்வாய்வு காட்டியது. கொடியில் உலரும் இந்தியப் பழந்துணிக்கு இது சாதகமான முடிவே. ஆயினும் மின்சாரத்தையும் வெந்நீரையும் அளக்கும் அக்கணக்கில் மனிதக் கைகளுக்கு இடமில்லை.

அக்கைகளை இந்தியக் குப்பைத் தொட்டியில் காணலாம். கழிவு சேகரிப்போரின் கூட்டுறவு அமைப்பான புனேயின் 'ஸ்வச்', பயன்படுத்திய டயப்பர்களையும் நாப்கின்களையும் தாளில் சுற்றிச் சிவப்புப் புள்ளியிட்டுத் தருமாறு வீடுகளைக் கேட்டது; அவற்றைத் திறந்து பார்த்துப் பிரிக்கும் நிலை ஒழிய வேண்டும் என்பதே நோக்கம். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், டயப்பரைச் சுற்றித் தர வேண்டும் என்று வீடுகளையும், அதற்கான உறை வழங்க வேண்டும் என்று உற்பத்தியாளர்களையும் கட்டாயப்படுத்தின. எனினும் சுற்றப்படாத டயப்பர்கள் இன்றும் தொட்டிகளில் விழுகின்றன. அவற்றைப் பிரிப்போரில் பலர் தலித் பெண்கள்.

டயப்பர் வந்ததால் அழுக்கு மறையவில்லை. படித்துறையிலிருந்து குப்பைமேட்டுக்கு இடம்பெயர்ந்தது. ஆகவே துணியைத் தேர்ந்த வீட்டில், அதைத் துவைப்பதில் தந்தைக்கும் பங்குண்டா என்று கேட்கவேண்டும். டயப்பரைத் தேர்ந்த வீட்டில், அது சுற்றப்பட்டு, குறியிடப்பட்டு வாசலைத் தாண்டுகிறதா என்று கேட்கவேண்டும்.