உலாவி மூடிய பின்னும் எஞ்சிய செயல்முறை: செருகுநிரல் பிரிப்பின் வரலாறு (1996–2021)

உலாவியின் சாளரத்தை மூடினால் அதனைச் சார்ந்த யாவும் நின்றுவிடும் என்பது பயனர்களின் பொது நம்பிக்கை. 2010ஆம் ஆண்டுக்குப் பின், பயர்ஃபாக்ஸை மூடிய பின்னரும் விண்டோஸ் கணினிகளின் டாஸ்க் மேனேஜரில் ‘பிளகின்-கண்டெய்னர்’ என்னும் பெயர் தங்கியிருக்கக் கண்ட பலர் அதனை நச்சுநிரல் என்றே ஐயுற்றனர். அவ்வையம் பிழையானது. எனினும் அச்செயல்முறை ஏன் எஞ்சியது என்னும் வினா, உலாவிகளின் கட்டமைப்பு வரலாற்றோடு பிணைந்ததாகும்.

1996இல் வெளிவந்த நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 2.0 அறிமுகப்படுத்திய செருகுநிரல் இடைமுகம் பின்னர் என்.பி.ஏ.பி.ஐ. என வழங்கலாயிற்று. இதன்படி செருகுநிரல் உலாவியின் செயல்முறைக்குள்ளேயே, அதன் நினைவகப் பரப்பைப் பகிர்ந்துகொண்டு இயங்கியது. ஆகவே ஃப்ளாஷ் நிலைகுலைந்தால் உலாவி முழுவதும் வீழ்ந்தது. வேறொரு தத்தலில் எழுதிக்கொண்டிருந்த மடலும் உடன் அழிந்தது. மேக் கணினிகள் முடங்குவதற்கு ஃப்ளாஷே முதற்காரணம் என ஸ்டீவ் ஜாப்ஸ் 2010 ஏப்ரலில் வெளியிட்ட திறந்த மடல் சாடியது. அம்மடலில் வணிகப் போட்டியின் சாயல் உண்டு எனினும், அது சுட்டிய குறைபாடு மெய்யே.

இதற்குத் தீர்வாகச் செருகுநிரலைத் தனிச் செயல்முறையாகப் பிரிக்கும் முறை எழுந்தது. 2008 செப்டம்பரில் வெளிவந்த குரோம் தொடக்கத்திலேயே இம்முறையைக் கைக்கொண்டது. பயர்ஃபாக்ஸ் 2010 ஜூன் 22 அன்று 3.6.4 பதிப்பில் ஃப்ளாஷ், குயிக்டைம், சில்வர்லைட் ஆகியவற்றைப் பிரித்தது. 10 நொடிகள் மறுமொழி தராத செருகுநிரல் நிறுத்தப்படும் என்பது விதி. வேகம் குறைந்த கணினிகளில் ஃபார்ம்வில் போன்ற விளையாட்டுகள் அக்கெடுவைத் தாண்டின. நான்கே நாள்களில் வெளிவந்த 3.6.6 பதிப்பு அதனை 45 நொடிகளாக உயர்த்தியது. முடங்கிய நிரல் எது, மெதுவாக இயங்கும் நிரல் எது எனப் பிரித்தறியக் கடிகாரத்தைத் தவிர வேறு கருவி உலாவியிடம் இருக்கவில்லை என்பதை இம்மாற்றம் காட்டுகிறது.

எஞ்சுதலின் வேர் இயங்குதளத்தில் உள்ளது. விண்டோஸில் தாய்ச் செயல்முறை முடிவுற்றால் சேய்ச் செயல்முறை தானாக முடிவதில்லை. யூனிக்ஸ் வகை அமைப்புகளிலும் தாயற்ற சேயை முதற்செயல்முறை தத்தெடுத்துக்கொள்ளும். உலாவியுடனான தொடர்புத்தடம் அறுந்ததை உணர்ந்து சேய் தானே விலகவேண்டும். ஒலிக்கருவிக்காகவோ வலையமைப்புக்காகவோ காத்து உறைந்துவிட்ட செருகுநிரலால் அதனை உணர இயலாது போகலாம்.

எனவே செயல்முறைப் பிரிப்பே இச்சிக்கலைத் தோற்றுவித்தது என்று கூறுவது முழுமையாகாது. பிரிப்புக்கு முன்னரும் செருகுநிரல் விலக மறுத்தால் உலாவியே பின்னணியில் எஞ்சியது. பயனர் மீண்டும் திறக்க முயன்றால், பயர்ஃபாக்ஸ் ஏற்கெனவே இயங்குகிறது என்னும் அறிவிப்பு தோன்றியது. பயனர் தரவுக் கோப்புறையின் பூட்டு விடுபடாமையே அதற்குக் காரணம். பிரிப்பு அவ்வெச்சத்தைத் தாயிடமிருந்து சேய்க்கு மாற்றித் தனிப்பெயரும் அளித்தது. பெயர் கிடைத்த பின்னரே பயனரின் ஐயமும் அதன்மீது குவிந்தது எனக் கருத இடமுண்டு.

2017 மார்ச்சில் பயர்ஃபாக்ஸ் 52 ஃப்ளாஷ் ஒழிந்த ஏனைய செருகுநிரல்களைக் கைவிட்டது. 2021 ஜனவரியில் 85ஆம் பதிப்பு ஃப்ளாஷையும் நீக்கியது. ஆயினும் மேக் கணினிகளில் வலைப்பக்கங்களை இயக்கும் பயர்ஃபாக்ஸின் சேய்ச் செயல்முறைகள் அதன் பின்னரும் ‘பிளகின்-கண்டெய்னர்’ என்னும் பெயர் கொண்ட நிரலிலிருந்தே தொடங்கின.