புளியமரத்துக்கு வயது என்ன?

திண்டிவனம் என்ற பெயரைக் கேட்டதும் வெளியூர்க்காரர்களுக்குத் தின்பண்டம் நினைவுக்கு வந்தால் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்தத் ‘திண்டி’ வேறு. ஊர்ச் சிவன் கோயிலில் இருக்கும் ஈசனின் பெயர் திந்திரிணீஸ்வரர். வடமொழியில் திந்திரிணி என்றால் புளியமரம். திந்திரிணி வனம் மக்கள் வாயில் தேய்ந்து திண்டிவனம் ஆயிற்று என்பது ஊரறிந்த விளக்கம். பச்சைத் தமிழில் சொன்னால் புளியங்காடு.

அந்தப் பெயருக்கு முன்பே இங்கே ஊர் இருந்தது. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடுகிறது. அதில் வரும் கிடங்கில் என்ற ஊர் இன்று திண்டிவனத்துக்குள் அடக்கம். கிடங்கு என்றால் அகழி. அகழியால் பெயர் பெற்ற ஊர், பின்னாளில் மரத்தின் பெயருக்கு மாறிக்கொண்டது.

வடமொழியில் திந்திடீ, திந்திடீகம் என்ற வடிவங்களும் உண்டு. தெலுங்கில் புளியமரம் ‘சிந்த செட்டு’. திந்திடீயும் சிந்தவும் காதுக்கு உறவுக்காரர்கள் மாதிரிதான் ஒலிக்கின்றன. தெற்கிலிருந்து வடக்கே போன சொல் கோயில் வழியாகத் திரும்பி வந்திருக்குமோ என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு.

நம் சொல் புளி. சுவைக்கும் அதுதான் பெயர், மரத்துக்கும் அதுதான். இரண்டையும் பிரித்துக் காட்டத் தொல்காப்பியர் உயிர்மயங்கியலில் தனித்தனி விதி வைத்தார். மரமாகிய புளி ‘அம்’ சாரியை பெறும்: புளியங்கொம்பு, புளியம்பழம், புளியந்தோப்பு. சுவையாகிய புளிக்கு மெல்லெழுத்து மிகும்: புளிங்கூழ், புளிஞ்சாறு. இலக்கணமே படிக்காத சந்தைக்காரரும் ‘புளியங்கொட்டை’ என்றுதான் சொல்கிறார். தொல்காப்பியர் விதி அவர் நாக்கில் இருக்கிறது. பழுத்த புளியை விரலால் அழுத்திப் பாருங்கள். ஓடு சடக்கென்று உடையும். உள்ளே பழம் எதிலும் ஒட்டாமல், நரம்பு நரம்பாக நாரை மட்டும் பிடித்துக்கொண்டு தனியே நிற்கும். ஒட்டாமல் வாழும் கணவன் மனைவியைப் புளியம்பழமும் ஓடும் என்கிறோம். நல்ல சம்பந்தம் கிடைத்தால் புளியங்கொம்பைப் பிடித்தான் என்கிறோம். பயம் வந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கிறது.

இந்தப் புளி கப்பலேறியபோது அரபு வணிகர்கள் அதை ‘தமர் ஹிந்தி’ என்றார்கள். தமர் என்றால் பேரீச்சம்பழம். ஹிந்தி என்றால் இந்தியாவுடையது. கொட்டை எடுத்துக் கட்டியாக அமுக்கிய பழம் புளி, பேரீச்சைக் கட்டி போலவே கறுத்துப் பிசுபிசுப்பாக இருக்கும். இந்த அரபுப் பெயர்தான் லத்தீன் வழியாக ஆங்கிலத்தில் டாமரிண்ட் ஆனது. 1753இல் லின்னேயஸ் தாவரப் பெயர் வைத்தபோது ‘டாமரிண்டஸ் இண்டிகா’ என்று எழுதினார். இந்தியாவின் இந்தியப் பேரீச்சை! வேடிக்கை என்னவென்றால், தாவரவியலார் கணக்கில் இந்த மரத்தின் பூர்வீகம் வெப்பமண்டல ஆப்பிரிக்கா. ஆனாலும் தொல்காப்பியர் விதி வகுக்கும் அளவுக்கு அது அன்றே நம் வீட்டு மரமாகிவிட்டது.

தமருக்கு எபிரேயத்தில் ஓர் அக்காள் இருக்கிறாள். அங்கே தாமார் என்றால் பேரீச்சை மரம். தமிழ் விவிலியம் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரியும். யூதாவின் மருமகள் தாமார். எபிரேயத்தில் இன்றும் புளியைத் ‘தாமார் ஹிந்தி’ என்கிறார்கள். அந்தப் பேரீச்சை யூதர்களின் ஒரு பண்டிகையில் தட்டுக்கு வருகிறது. பண்டிகையின் பெயர் தூ பிஷ்வாத்.

‘ஷ்வாத்’ ஒரு மாதம். ‘தூ’ என்பது 15. எபிரேயர்கள் எழுத்தையே எண்ணாக எழுதினார்கள். ‘தேத்’ 9, ‘வாவ்’ 6. சேர்த்து வாசித்தால் தூ. பத்தும் ஐந்தும் சேர்த்தே எழுதியிருக்கலாம்; அது இறைவன் திருப்பெயரின் எழுத்துகளாக அமைந்துவிடுவதால் தவிர்த்தார்கள். க ஒன்று, உ இரண்டு, ரு ஐந்து, ய பத்து என்று ஓலையில் கணக்கெழுதிய நமக்கு இது புதிதல்ல. எட்டேகாலை வைத்து ஔவை திட்டிய கதையும் இந்த வழக்கத்தில் பிறந்ததுதான்.

ஷ்வாத் மாதம் 15 என்றால் தை மாதத்தை ஒட்டிய முழுநிலவு. 2024இல் ஜனவரி 25 அன்று தைப்பூசமும் தூ பிஷ்வாத்தும் ஒரே நாளில் வந்தன.

இன்று மரம் நடும் விழாவாக இருக்கும் அந்த நாள் அப்படித் தொடங்கியதல்ல. அது கணக்கு முடிக்கும் நாள். மிஷ்னா என்ற பழைய சட்டத் தொகுப்பு ஆண்டுக்கு நான்கு புத்தாண்டுகளைச் சொல்கிறது. அதில் ஒன்று மரங்களுக்கு. யூத ஆசிரியர்களில் ஷம்மாய் வழியினர் ஷ்வாத் 1 என்றார்கள், ஹில்லேல் வழியினர் 15 என்றார்கள். ஹில்லேல் வழியினர் சொன்னதே நிலைத்தது. பழத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை தர வேண்டும்; எந்தப் பழம் எந்த ஆண்டுக் கணக்கு என்று பிரிக்க ஒரு தேதி தேவைப்பட்டது. மரத்தின் வயதுக்கும் அதே தேதி. நட்ட முதல் மூன்று ஆண்டுப் பழத்தைத் தொடக் கூடாது என்பது அவர்கள் வேதக் கட்டளை. பல நூற்றாண்டுகள் கழித்துதான் சமயச் சடங்காகப் பழத்தட்டு வந்தது. நடுவது அதற்கும் பின்னால்: 1890இல் சிக்ரோன் யாக்கோவ் என்ற ஊரில் ஆசிரியர் ஸேவ் யாவெட்ஸ் மாணவர்களை அழைத்துப் போய்க் கன்று நட வைத்தார்.

இந்தியாவில் இந்த நாளை வேறு மாதிரி வைத்திருப்பவர்கள் கொங்கணக் கரையின் பெனே இஸ்ரேல் மக்கள். அலிபாக் அருகே கண்டாலாவில் ஒரு பாறை. எலியா தீர்க்கதரிசியின் தேர்த் தடம் அதில் பதிந்திருப்பதாக நம்பிக்கை. அவல், தேங்காய், சர்க்கரை, பழம் கலந்த மலீதா படைத்து எலியாவை நினைக்கிறார்கள். ஊருக்கு ஊர் மண்ணுக்கேற்ப நாள் மாறிக்கொள்ளும்.

நம் அரசு வைத்த மரத் திருநாள் வனமகோத்சவம். 1950இல் மத்திய அமைச்சர் கே. எம். முன்ஷி ஜூலை முதல் வாரத்தில் தொடங்கினார். அந்தச் சொல்லிலும் வனம் இருக்கிறது, உற்சவமும் இருக்கிறது, கணக்கு இல்லை. குழி தோண்டுகிறோம், படம் எடுக்கிறோம், கலைகிறோம். மறுவருடம் அதே குழியில் வேறு கன்று.

திண்டிவனத்தில் திரு ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தள்ளி விழுப்புரத்தில் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி. இங்கெல்லாம் தூ பிஷ்வாத்தைக் கொண்டாட விரும்பும் மாணவர்கள் அன்றைக்குக் கன்று நடக் கூடாது என்பேன். மத்தியதரைக் கடலோரத்தில் அது மழைக்காலம். இங்கே மழை மார்கழியோடு முடிந்துவிடும். தையில் நட்டால் சித்திரை வெயில் கன்றைத் தின்றுவிடும்.

செய்ய வேறு வேலை உண்டு. தைக்குப் பின் புளி உலுக்கும் காலம். கீழே கிடக்கும் கொட்டைகளைப் பொறுக்கி, ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, பையில் மண் நிரப்பி ஊன்றினால் ஐப்பசி மழைக்குக் கன்று தயார். நான்குவழிச் சாலைக்கு வெட்டியது போக மிஞ்சி நிற்கும் சாலையோரப் புளிகளை மார்பளவு உயரத்தில் நாடாவால் சுற்றி அளந்து எழுதலாம். விளம்பரத் தட்டிக்காக அடித்த ஆணிகளைப் பிடுங்கலாம். போன வருடம் நட்டதில் எது பிழைத்தது, எது காய்ந்தது என்று எண்ணலாம்.

இதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. கன்றுக்குத் தண்ணீரும் வேலியும் கட்டாயம் தேவைப்படுவது முதல் மூன்று ஆண்டுகள். பழத்தைத் தொடாதே என்று யூத மரபு சொன்னதும் அந்த மூன்று ஆண்டுதான். பட்டப்படிப்பும் மூன்று ஆண்டு. முதலாண்டு மாணவி வைத்த கன்று, அவள் பட்டம் வாங்கும்போது தானே நிற்கும். விதைப் புளி காய்க்க எட்டுப் பத்து ஆண்டு ஆகும். அதற்குள் அவளுக்குப் பின் இரண்டு மூன்று அணி மாணவர்கள் வந்து போயிருப்பார்கள். அந்தக் கன்றின் பிறந்த தேதியை அவர்கள் கையில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

வனத்தின் பெயரை வைத்துக்கொண்டிருக்கும் ஊரில் எத்தனை புளி மிச்சம் என்று ஒரு பேரேடு வேண்டும். அடுத்த தைப்பூசத்தன்று ஒரு நோட்டும் ஓர் அளவுநாடாவும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். முதல் பக்கத்தில் எழுத வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த மரத்துக்கு வயது என்ன?