பீட் சதுப்புக் காட்டுப் பூச்சிகள் பற்றிய ஆய்வு

இலை, வேர், விழுந்த மரம் எல்லாம் நீருக்கடியில் முழுதாக மக்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் படிந்து உண்டாகும் கரிய மண்ணே பீட். இதன்மேல் வளரும் வெப்பமண்டலக் காடுகள் தென்கிழக்கு ஆசியா, காங்கோ படுகை, பெருவின் அமேசான் பகுதி ஆகிய இடங்களில் உள்ளன. நெடுங்காலம் ஆராயப்பட்டவற்றுள் ஒன்று இந்தோனேசியாவின் மத்திய கலிமந்தானில் உள்ள செபாங்காவ் காடு. 2004இல் தேசியப் பூங்காவான இந்தக் காட்டில் பீட் சில இடங்களில் 10 மீட்டருக்கும் ஆழமானது. கட்டஞ்சாயா நிறத்தில் ஓடும் அதன் நீர் கடும் அமிலத்தன்மை கொண்டது. ஒராங்குட்டானுக்காகவும் மண்ணில் தேங்கியுள்ள கரிமத்துக்காகவும் உலகம் இந்தக் காட்டைக் கவனித்த அளவுக்கு அதன் பூச்சிகளைக் கவனிக்கவில்லை. ஒராங்குட்டான்களே கறையானையும் எறும்பையும் தின்பவை என்பதை நினைத்தால் இது பெரிய குறை.

இந்தக் காடு அமைந்துள்ள போர்னியோ தீவின் பூச்சி வளத்தை வெளியுலகுக்குக் காட்டியவர்களில் முதன்மையானவர் இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். 1855இல் சரவாக்கின் சிமுஞ்சான் நிலக்கரிச் சுரங்கத்தருகே பல மாதங்கள் தங்கினார். சுற்றிலும் சதுப்புக் காடு. பூச்சி ஒன்றுக்கு ஒரு சென்ட் என்று அங்கிருந்த டயாக் மக்களுக்கும் சீனத் தொழிலாளர்களுக்கும் கொடுத்துச் சேகரித்தார். போர்னியோவில் அவருக்குக் கிடைத்த ஏறத்தாழ 2,000 வகை வண்டுகளில் மிகப் பெரும்பாலானவை சிமுஞ்சானிலேயே கிடைத்தவை. வெட்டிச் சாய்த்த மரங்களின் பட்டையும் அழுகும் கட்டையும் வண்டுகளை இழுத்து வந்ததே அந்த அறுவடைக்குக் காரணம்.

இன்றைய ஆய்வாளர் வேறு கருவிகளை நம்புகிறார். பறக்கும் பூச்சிகளுக்குக் கூடாரம் போன்ற மலேஸ் பொறி. இரவில் விளக்குப் பொறி. பழம் உண்ணும் வண்ணத்துப்பூச்சிகளுக்கு நீண்ட வலை உருளை. அந்த உருளையின் அடித்தட்டில் நொதித்த வாழைப்பழம் வைக்கப்படும். உண்டு முடித்த பூச்சி மேல்நோக்கிப் பறந்து வலைக்குள் சிக்கும். இறக்கையில் பேனாவால் எண் எழுதி விட்டுவிட்டு, மறுபடி எத்தனை அகப்படுகின்றன என்று பார்த்து எண்ணிக்கையைக் கணிக்கிறார்கள். தரையில் ஊரும் பூச்சிகளுக்கான குழிப்பொறிதான் இங்கே பெருஞ்சிக்கல். மழைக்காலத்தில் நீர் தரைக்கு மேலே நிற்கும். மண்ணில் புதைத்த கிண்ணம் மூழ்கிவிடும். ஆகவே வேர்கள் பின்னிய மேடுகளையே நாட வேண்டியிருக்கிறது. மேட்டில் கிடைத்ததை வைத்துக் காடு முழுவதற்கும் கணக்குச் சொல்வது தவறு.

போர்னியோவின் பீட் சதுப்புக் காட்டு உயிர்களுக்கு இடையிலான உறவுகளில் வியப்பானது, இரு கோரைப்பற்கள் கொண்ட கெண்டிச்செடியான நெப்பந்தஸ் பைகால்கராட்டாவுக்கும் கொலோபாப்சிஸ் ஷ்மிட்சி எறும்புக்கும் உள்ளது. மற்றப் பூச்சிகள் வழுக்கி விழுந்து செரிமானமாகும் கெண்டிக்குள் இந்த எறும்பு இறங்கி நீந்துகிறது. பெரிய இரையை மேலே இழுத்து வந்து தின்கிறது. கெண்டியின் விளிம்பைத் துப்புரவாக வைத்து, அடுத்த இரை வழுக்க வழி செய்கிறது. கெண்டி நீரில் வளரும் கொசுப் புழுக்களையும் வேட்டையாடுகிறது. அவை கொசுவாகிப் பறந்துபோனால் செடிக்கு உரிய நைட்ரஜனும் உடன் போய்விடும். செடியோ தன் உப்பிய, உள்ளீடற்ற பற்றுக்கம்பியை எறும்புக்கு வீடாகத் தருகிறது.

இத்தனையும் நிலத்தில் நீர் நிற்பதைப் பொறுத்தவை. 1990களின் நடுவில் மத்திய கலிமந்தானில் தொடங்கிய பெரும் நெல் திட்டத்துக்காகச் சுமார் 10 லட்சம் ஹெக்டேர் ஒதுக்கப்பட்டது. சுமார் 4,000 கி.மீ. நீளத்துக்குக் கால்வாய்கள் வெட்டப்பட்டன. நெல் விளையவில்லை; பீட் காய்ந்தது. 1997இல் எல் நினோ வறட்சியில் அது எரிந்தது. 2015இலும் பெருந்தீ பரவி, சிங்கப்பூர், மலேசியாவரை புகைமூட்டம் சூழ்ந்தது. சிங்கப்பூரில் பின்னர் நடந்த ஆய்வுக்கூடச் சோதனையில், புகையில் வளர்ந்த வண்ணத்துப்பூச்சிப் புழுக்கள் அதிகம் மடிந்தன. பிழைத்தவை வளர அதிக நாள் எடுத்தன, கூட்டுப்புழுவின் எடையும் குறைந்தது. எரியாத காட்டுப் பூச்சிகளுக்கும் தீயின் பாதிப்பு எட்டக்கூடும் என்பதற்கு இது ஓர் அறிகுறி.

கால்வாய்களில் அணை கட்டி நீர்மட்டத்தை உயர்த்தும் பணி செபாங்காவில் நடக்கிறது. அதன் பயன் பூச்சிகளுக்கும் சேர்ந்ததா என்று அறிய ஒரே வழிதான் உண்டு: ஒவ்வொரு பொறியிலும் விழுந்த பூச்சிக் கணக்கோடு அன்றைய நீர்மட்டத்தையும் எழுதி வைக்க வேண்டும்.